சேலத்தில் பிறந்து கரும்பின் வம்சத்தை மாற்றிய டி.எஸ். வெங்கட்ராமன்

மோகனூர் ஆலைக்குக் கரும்பு ஏற்றும் விவசாயியிடமோ, பிலிக்கல்பாளையம் ஏலச்சந்தைக்கு வெல்லம் கொண்டுபோகும் விவசாயியிடமோ என்ன ரகம் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் 86032 என்று எண்ணை மட்டும் சொல்வார். அந்த எண்ணுக்கு முன்னால் கோ என்று ஓர் எழுத்து இருக்கிறது. கோயம்புத்தூர் என்பதன் சுருக்கம் அது. அந்த எழுத்தைத் தாங்கிய முதல் கரும்பு வயலுக்கு வந்து நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அந்த வேலையில் முன்னின்றவர் சேலத்தில் பிறந்தவர் என்பது நம் பகுதியிலேயே பலருக்குத் தெரியாது.

அவர் பெயர் திருவாடி சாம்பசிவ ஐயர் வெங்கட்ராமன். சுருக்கமாக டி.எஸ். வெங்கட்ராமன். 1884-ம் ஆண்டு பிறந்தார், 1963-ல் மறைந்தார். இன்று நாட்டில் எந்த ஆலை கரும்பு அரைத்தாலும் அதில் அவர் கை பட்ட வம்சம் ஓடுகிறது. அவர் என்ன செய்தார் என்பதோடு, அவர் உருவாக்கிய ரகமே பின்னாளில் ஏன் நோயில் சாய்ந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. கரும்பு போடுகிற நமக்கு அந்த இரண்டாவது கதைதான் அதிகம் உதவும்.

அன்றைய கரும்பு

நூறு ஆண்டுகளுக்கு முன் நம் நாட்டில் இரண்டு விதமான கரும்புகள் இருந்தன. தெற்கே தடித்த, சாறு நிறைந்த, மென்மையான கரும்பு. வெள்ளை என்று பெயர் பெற்ற நம் தமிழ்நாட்டுக் கரும்பு அந்த வகையைச் சேர்ந்தது. இனிப்பு அதிகம், ஆனால் நோஞ்சான். தண்ணீர் குறைந்தால் வாடும், பனி பட்டால் கருகும், நோய் வந்தால் மடியும்.

வடக்கே பஞ்சாப், ஐக்கிய மாகாணம், பீகார் பகுதிகளில் விரல் தடிமனில் குச்சி போன்ற கரும்பு. கத்தா, சுன்னி, சரேத்தா என்று பல பெயர்கள். வறட்சியையும் குளிரையும் தாங்கும். ஆனால் ஏக்கருக்குக் கிடைக்கும் எடையும் சர்க்கரையும் மிகக் குறைவு. நாட்டின் கரும்புப் பரப்பில் பெரும்பகுதி அந்த வடக்கில்தான் இருந்தது. விளைவு, கரும்பு பிறந்த நாடுகளில் ஒன்றான இந்தியா ஜாவா தீவிலிருந்து லட்சக்கணக்கான டன் சர்க்கரையை விலை கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தது.

தெற்கத்திக் கரும்பை வடக்கே கொண்டுபோய் நட்டுப் பார்த்தார்கள். நிற்கவில்லை. வடக்கத்திக் கரும்பிலேயே நல்லதைப் பொறுக்கலாம் என்றால், அங்கே கரும்பு பூப்பதே அரிது. பூக்காத பயிரில் விதை ஏது, புதிய ரகம் ஏது?

கரணைக்கும் விதைக்கும் உள்ள வித்தியாசம்

இங்கே கொஞ்சம் நின்று ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பயிற்சி வகுப்புகளில் நான் அதிக நேரம் செலவிடுவது இதற்குத்தான்.

நாம் கரும்பைக் கரணை வெட்டி நடுகிறோம். இப்போது பருச்சீவல் நாற்றும் வந்துவிட்டது. இரண்டும் ஒன்றே. ஒரு செடியின் உடம்பையே துண்டு துண்டாக வெட்டி வேறு இடத்தில் வேரூன்ற வைக்கிறோம். உங்கள் இரண்டு ஏக்கரில் நிற்கும் பல ஆயிரம் தூர்களும் தனித்தனிச் செடிகள் போலத் தெரியும். மரபணுப்படி பார்த்தால் அவை ஒரே செடி. பக்கத்து ஊரில், அடுத்த மாவட்டத்தில் அதே எண்ணில் நிற்பதும் அதே செடிதான். மரவள்ளிக் குச்சியும், வாழைக் கட்டையும் இப்படித்தான். முள்ளுவாடி மரவள்ளி போட்ட வயல் அத்தனையும் ஒரே தாயின் உடம்பு.

விதையிலிருந்து வருவது அப்படியல்ல. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் நாலு பேரும் நாலு விதமாக இருப்பதுபோல, ஒரே கரும்புப் பூவில் விளைந்த விதைகளிலிருந்து வரும் நாற்றுகளில் ஒன்று தடிக்கும், ஒன்று மெலியும், ஒன்று இனிக்கும், ஒன்று சப்பென்று இருக்கும். தாயின் மரபணுக்களும் தகப்பனின் மரபணுக்களும் சீட்டுக்கட்டைக் கலைத்துப் போடுவதுபோல ஒவ்வொரு விதையிலும் புதிதாகச் சேருகின்றன. இந்த வேறுபாடுதான் எல்லாவற்றுக்கும் மூலதனம்.

கரும்பு விதை முளைக்கும் என்பதே வெகு காலம் தெரியாமல் இருந்தது. பஞ்சு போன்ற பூவில் தூசு அளவுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும் விதை அது. 1880களின் இறுதியில்தான் ஜாவாவிலும் பார்படாஸ் தீவிலும் அதை முளைக்க வைத்துக் காட்டினார்கள். ஜாவாவில் அந்தத் தேடலுக்குக் காரணம் அங்கே பரவிய செரே என்ற நோய். ஒரே ரகத்தைத் தீவு முழுவதும் நட்டிருந்தார்கள். அந்த ரகத்தில் நோய் புகுந்ததும் தப்பிக்க வேறு கரும்பு கையில் இல்லை.

கோயம்புத்தூரில் கரும்பு நன்றாகப் பூக்கும், மகரந்தமும் வளமாக இருக்கும். அதனால்தான் வடக்குக்குத் தேவையான கரும்பை உருவாக்க, தெற்கே கோயம்புத்தூரில் 1912-ல் கரும்பு இனப்பெருக்கு நிலையம் தொடங்கப்பட்டது. தலைவராக இருந்தவர் சார்லஸ் பார்பர் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர். அவருக்குத் துணையாக வந்தவர் 28 வயது வெங்கட்ராமன்.

ஆற்றங்கரைப் புல்

ஜேடர்பாளையத்திலிருந்து மோகனூர் வரை காவிரிக் கரையில் போனால் வெள்ளைக் கொண்டையோடு நாணல் நிற்பதைப் பார்க்கலாம். சில ஊர்களில் பேய்க்கரும்பு என்பார்கள். மாடு கடிக்கும், கூரை வேய அறுப்பார்கள், வயலில் புகுந்தால் வேரோடு தோண்டி எறிவார்கள். இனிப்பு கிடையாது. ஆனால் அது கரும்பின் பங்காளி.

அந்தப் புல் எப்படி வளர்கிறது என்று பாருங்கள். ஆடியில் வெள்ளம் கழுத்துவரை மூழ்கடிக்கும். சித்திரையில் மணல் கொதிக்கும். ஆடுமாடு மேயும். நோய்க் கிருமிகள் வரும். யாரும் உரம் போடுவதில்லை, மருந்து தெளிப்பதில்லை. ஒவ்வொரு ஆண்டும் காற்றில் பறக்கும் விதையிலிருந்து எத்தனையோ நாற்றுகள் முளைக்கின்றன. எல்லாம் ஒன்றுக்கொன்று சற்றே வேறானவை. வேர் ஆழமாகப் போகாதது கோடையில் காய்ந்துவிடும். தண்டு வலுவில்லாதது வெள்ளத்தில் போய்விடும். நோய்க்கு எளிதில் இடம் கொடுப்பது அழுகிவிடும். மிஞ்சியது மட்டுமே பூத்து விதை போடும். அதன் குணம் அடுத்த தலைமுறைக்குப் போகும். இது பல்லாயிரம் ஆண்டுகள் நடந்திருக்கிறது.

இயற்கைத் தேர்வு என்று விஞ்ஞானிகள் சொல்வது இவ்வளவுதான். 1859-ல் புத்தகம் எழுதிய சார்லஸ் டார்வின் இதை விளக்கத் தொடங்கும்போதே விவசாயிகளையும் கால்நடை வளர்ப்போரையும்தான் உதாரணம் காட்டினார். நல்ல கதிரை விதைக்கு எடுத்துவைப்பதும், நல்ல கிடாயைப் பொலிக்கு விடுவதும் நாம் செய்யும் தேர்வு. ஆற்றங்கரையில் அதையே வெயிலும் வெள்ளமும் கிருமியும் செய்கின்றன. தேர்வு எதையும் புதிதாகப் படைப்பதில்லை. ஏற்கெனவே இருக்கும் வேறுபாடுகளில் சிலவற்றை நிறுத்தி, மற்றவற்றைக் கழிக்கிறது. வேறுபாடே இல்லாத இடத்தில் தேர்வுக்கு வேலை இல்லை.

நம் இனிப்புக் கரும்பு இதற்கு எதிர்ப்பக்கம். மனிதன் தலைமுறை தலைமுறையாக இனிப்பையும் தடிமனையும் மட்டும் பார்த்துப் பொறுக்கி, வேலி போட்டு வளர்த்த பயிர். நோயைத் தாங்கும் குணம், பசியைத் தாங்கும் குணம் எல்லாம் அதற்குத் தேவைப்படாமல் போய், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துவிட்டன.

பார்பரும் வெங்கட்ராமனும் செய்தது, களை என்று தூக்கி எறிந்த அந்தப் பங்காளியை மறுபடியும் வீட்டுக்குள் அழைத்ததுதான்.

கோ 205

வெள்ளைக் கரும்பைத் தாயாகவும் கோயம்புத்தூர்ப் பகுதியில் தானாக வளர்ந்த நாணலைத் தகப்பனாகவும் வைத்துச் சேர்த்தார்கள். இரண்டும் ஒரே சமயம் பூக்க வேண்டும். நாணலின் மகரந்தம் வெள்ளைக் கரும்பின் பூவில் விழ வேண்டும். வேறு மகரந்தம் விழாமல் காக்க வேண்டும். பிறகு தூசு போன்ற விதையை மண்ணும் எருவும் கலந்த சட்டியில் தூவி, முளைத்ததைக் குழந்தையைப்போல வளர்க்க வேண்டும். பொறுமை இல்லாதவருக்கு இந்த வேலை ஆகாது.

முளைத்த நாற்றுகளில் பெரும்பாலானவை எதற்கும் உதவாதவை. கலப்பு செய்தவுடன் நல்ல ரகம் கிடைத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கலப்பு வேறுபாட்டை மட்டுமே தருகிறது. அதில் நல்லதும் இருக்கும், கெட்டதும் இருக்கும், கெட்டதுதான் அதிகம் இருக்கும். ஒவ்வொரு நாற்றையும் வளர்த்து, தூர் எண்ணி, சாறு பிழிந்து, இனிப்பு அளந்து, நோய் பார்த்துக் கழித்துக்கொண்டே வர வேண்டும். ஆற்றங்கரையில் வெள்ளமும் வெயிலும் செய்த வேலையை இங்கே நோட்டுப் புத்தகத்தோடு ஒரு மனிதர் செய்தார். வெங்கட்ராமன் மண்ணுக்கு மேலே தெரிவதோடு நிற்காமல் வேரையும் ஆராய்ந்தார். எந்த நாற்றின் வேர் எவ்வளவு ஆழம் போகிறது, எப்படிப் பரவுகிறது என்று தோண்டிப் பார்த்தார். வறட்சியைத் தாங்கும் ரகம் வேண்டுமென்றால் தேர்வு வேரிலிருந்து தொடங்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

1912-ல் தொடங்கிய வேலையின் பலன் 1918-ல் கோ 205 என்ற பெயரில் பஞ்சாபுக்குப் போனது. அங்கிருந்த கத்தா கரும்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விளைந்தது. நாணல் தந்த வேரும் தாங்கும் சக்தியும், வெள்ளை தந்த சாறும் ஒரே தண்டில் சேர்ந்திருந்தன.

இதில் ஓர் அதிசயம் உண்டு. காட்டுப் புல்லோடு சேர்த்தால் முதல் தலைமுறையில் இனிப்பு பாதியாவது குறைய வேண்டும். கோ 205-ல் எதிர்பார்த்த அளவுக்குக் குறையவில்லை. காரணம் பின்னால்தான் தெரிந்தது. எல்லா உயிர்களிலும் தாய் பாதி, தகப்பன் பாதி மரபணுத் தொகுப்பைக் கொடுப்பது வழக்கம். இனிப்புக் கரும்பில் 80 குரோமோசோம்கள் உண்டு, அந்த நாணலில் 64. வழக்கப்படி என்றால் பிள்ளைக்கு 40-ம் 32-ம் சேர்ந்து 72 வந்திருக்க வேண்டும். கோ 205-ல் இருந்தவை 112. தாய் தன் 80-ஐயும் முழுதாகக் கொடுத்துவிட்டாள். காட்டுப் புல்லோடு சேரும்போது மட்டும் இனிப்புக் கரும்பு இப்படி நடந்துகொள்கிறது. கரும்பு இனப்பெருக்கத்துக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் என்றே இதைச் சொல்ல வேண்டும்.

பரவிய வம்சம்

பார்பர் இங்கிலாந்து திரும்பிய பிறகு வெங்கட்ராமன் நிலையத்தின் பொறுப்பை ஏற்று, 1942-ல் ஓய்வுபெறும் வரை நடத்தினார். வெள்ளையும் நாணலும் மட்டும் போதாது என்று வடக்கத்திக் குச்சிக் கரும்பின் ரத்தத்தையும் கலந்தார். மூன்று இனங்களின் வேறுபாடுகள் ஒரே பயிரில் சேர்ந்தன. கோ 213, கோ 281, கோ 290, கோ 312 என்று ரகங்கள் வரிசையாக வந்தன.

வடக்கே பழைய கரும்புகள் சில ஆண்டுகளில் காணாமல் போயின. 1932-ல் அரசு சர்க்கரைத் தொழிலுக்குப் பாதுகாப்பு கொடுக்கும் சட்டம் கொண்டுவந்தது. அப்போது 30-ஐ ஒட்டி இருந்த ஆலைகள் அடுத்த ஐந்தாறு ஆண்டுகளில் 130-ஐத் தாண்டின. சட்டம் மட்டும் போதாது, அந்த ஆலைகளுக்கு அரைக்கக் கரும்பு வேண்டும். அதைக் கொடுத்தவை கோ ரகங்கள். ஜாவா சர்க்கரை இறக்குமதி ஏறக்குறைய நின்றுபோனது.

கோ 281-ம் கோ 290-ம் கடல் தாண்டி அமெரிக்காவின் லூசியானாவுக்கும் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும் போயின. நேட்டாலில் ஊபா என்ற ஒரே ரகத்தை நம்பியிருந்தார்கள், அது நோயில் விழுந்துகொண்டிருந்தது. 1860 முதல் நம் மக்கள் கூலிகளாகப் போய் வியர்வை சிந்திய அதே கரும்புத் தோட்டங்களுக்கு, 1930களில் நம் ஊர்க் கரும்பும் போய்ச் சேர்ந்தது.

தெற்கத்தி விவசாயிக்கு அவர் கொடுத்த பெரிய பரிசு கோ 419. ஜாவாவின் புகழ்பெற்ற பி.ஓ.ஜே. 2878 ரகத்தையும் தன் கோ 290-ஐயும் சேர்த்து அதை உருவாக்கினார். எடையும் சாறும் ஒருசேர இருந்ததால் தமிழ்நாடு, மைசூர், பம்பாய் மாகாணப் பகுதிகளில் பல ஆண்டுகள் அதுதான் ராஜா. உங்கள் தாத்தா காலத்துக் கரும்பைப் பற்றிப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், நானூத்திப் பத்தொம்பது என்று எண்ணைச் சொல்ல இன்னும் ஆள் இருக்கும்.

சோளத்தோடும் கரும்பைச் சேர்த்துப் பார்த்தார், சீக்கிரம் முதிரும் கரும்பு கிடைக்குமா என்று. மூங்கிலோடும் சேர்த்தார். அந்தக் கலப்பு உலகச் செய்தியானது, ஆனால் வயலுக்கு வரவில்லை. அவருடைய பெருமையைச் சொல்கிறவர்கள் மூங்கிலைத்தான் முதலில் சொல்கிறார்கள். எனக்கு அவர் வேரைத் தோண்டிப் பார்த்ததுதான் பெரிதாகப் படுகிறது. 1934-ல் அதே நிலையத்துக்கு வந்த ஜானகி அம்மாள் இந்தக் கலப்புகளின் குரோமோசோம்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். அவர் தனிக் கட்டுரைக்கு உரியவர்.

1937-ல் ஐதராபாத்தில் கூடிய இந்திய அறிவியல் மாநாட்டுக்கு வெங்கட்ராமன் தலைமை தாங்கினார். அவ்வளவு பெரிய சபையில் அவர் பேச எடுத்துக்கொண்ட பொருள் இந்தியக் கிராமம். 1942-ல் சர் பட்டமும், விடுதலைக்குப் பின் 1956-ல் பத்மபூஷண் விருதும் கிடைத்தன.

சாய்ந்த கோ 213

பட்டமும் புகழும் வந்துகொண்டிருந்த அதே காலத்தில் ஓர் அடி விழுந்தது. கோ 213 பீகாரிலும் கிழக்கு ஐக்கிய மாகாணத்திலும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நின்றது. விவசாயிக்கும் பிடித்தது, ஆலைக்கும் பிடித்தது. வேறு ரகம் எதற்கு என்று எல்லோரும் அதையே நட்டார்கள். 1938-ஐ ஒட்டி அங்கே செவ்வழுகல் நோய் கொள்ளையாகப் பரவியது. சில ஆண்டுகளில் கோ 213 அந்த வயல்களிலிருந்து துடைத்தெறியப்பட்டது.

செவ்வழுகல் புதிய நோய் அல்ல, முன்பே இருந்ததுதான். கோ 213-ம் பல ஆண்டுகள் அதைத் தாங்கி நின்றதுதான். அப்படியிருக்க ஏன் விழுந்தது? நோயுற்ற கரும்பிலிருந்து பூஞ்சாணத்தைப் பிரித்து வளர்த்துப் பார்த்தபோது, பழைய வகையிலிருந்து வேறுபட்ட, வெளிர் நிறமுடைய, வீரியம் மிகுந்த ஒரு வகை பெருகியிருப்பது தெரிந்தது.

நம் ஊரில் இதைத்தான் நோய் பழகிப்போச்சு, பூச்சி மருந்துக்குப் பழகிப்போச்சு என்கிறோம். பழகுவது என்றால் ஒரே உயிர் கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னை மாற்றிக்கொள்வது. இங்கே நடப்பது அது அல்ல. பூஞ்சாணம் ஒரு வயலில் கோடிக்கணக்கில் வித்துகளை உண்டாக்குகிறது. அத்தனையிலும் சின்னச் சின்ன மரபணு மாற்றங்கள் தற்செயலாக நேர்ந்துகொண்டே இருக்கும். பெரும்பாலானவை பயனற்றவை. ஏதோ ஒன்றுக்கு மட்டும் கோ 213-ன் தடுப்பைத் தாண்டும் குணம் அமைந்துவிடுகிறது. மற்றவை பட்டினியில் சாகின்றன, அது ஒன்று மட்டும் தின்று பெருகுகிறது. ஒரு தூரைத் தாண்டினால் போதும், அடுத்த தூரும் அதே செடி. ஒரு வீட்டுப் பூட்டைத் திறந்த சாவி அந்த ஊர் முழுவதையும் திறந்துவிடுகிறது.

காவிரிக் கரை நாணலில் அதே பூஞ்சாணம் வந்தால் ஒரு புதர் போகும், அடுத்த புதர் வேறு பூட்டு. பூஞ்சாணத்துக்குப் பரிணாமம் உண்டு, நாணலுக்கும் உண்டு. கரணை போட்ட நம் கரும்புக்கு மட்டும் இல்லை. அது நட்ட நாளில் எப்படி இருந்ததோ அப்படியே நிற்கிறது, எதிரி மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறான். ஒட்டுண்ணிக்கும் பயிருக்கும் நடக்கும் ஓட்டத்தில் ஒருவர் காலை மட்டும் கட்டிப்போட்டதுபோல.

இது வெங்கட்ராமனின் தோல்வி என்று நான் சொல்லமாட்டேன். புதிய கலப்புகளை அவர் நிறுத்தாமல் செய்துகொண்டே இருந்ததால்தான் மாற்று ரகங்கள் கையில் இருந்தன. எந்த ரகமும் நிரந்தரம் இல்லை என்று எண்ணி வேலை செய்தவர் அவர்.

தமிழ்நாட்டிலும் இதே கதை நடந்தது. கடலூர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த கோ.சி. 671 இனிப்பில் அசத்திய ரகம். பரவலாக நட்டார்கள். கடலோர மாவட்டங்களில் செவ்வழுகல் அதையும் சாய்த்தது. ஆனால் அதன் நல்ல குணங்கள் வீணாகவில்லை. கோ 62198 என்ற ரகத்தோடு அதைச் சேர்த்துக் கிடைத்ததுதான் இப்போது நாம் நடும் கோ 86032.

நம் வயலுக்கு

இப்போது நம் மாவட்டங்களில் பெரும்பரப்பில் ஒரே எண் நிற்கிறது. ஆலைக்குப் பதிவு செய்பவர்களுக்கு ரகம் தேர்வு முழுவதும் கையில் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஆலையின் கரும்பு அலுவலரிடம் இரண்டாவது ரகம் கேட்டுப் பாருங்கள். கோ 11015, கோ 18009 போன்றவை தமிழ்நாட்டுக்காகவே கோயம்புத்தூரிலிருந்து வந்தவை. நம் மண்ணுக்கும் தண்ணீருக்கும் எது ஒத்துவரும் என்பதை அரை ஏக்கரில் போட்டுப் பார்த்தே முடிவு செய்யுங்கள். நன்றாக வந்தால் அதையே ஊர் முழுவதும் மாற்றிவிடவும் வேண்டாம். அப்படிச் செய்தால் பழைய ஒற்றை ரகத்துக்குப் பதில் புதிய ஒற்றை ரகம் நிற்கும், அவ்வளவுதான். பரமத்தி வேலூர், கபிலர்மலைப் பக்கம் வெல்லம் காய்ச்சுகிறவர்களுக்கு ஆலைக் கட்டுப்பாடு இல்லை. இரண்டு மூன்று ரகங்களைப் பிரித்து நடுவது அவர்களுக்கு எளிது. பாகின் நிறமும் வெல்லத்தின் கட்டும் எந்த ரகத்தில் நன்றாக வருகிறது என்று கொப்பரையில் பார்த்துக்கொள்ளலாம்.

ராஜவாய்க்கால் பாசனம் போன்ற, ஒரு வயல் தண்ணீர் அடுத்த வயலுக்குப் போகும் இடங்களில் கூடுதல் கவனம் தேவை. செவ்வழுகல் வித்துகள் தண்ணீரிலும் மழைச்சாரலிலும் பரவும். உச்சியிலிருந்து மூன்றாவது, நான்காவது இலை ஓரத்திலிருந்து மஞ்சளாகிக் காய்வதைக் கண்டால், அந்தக் கரும்பைப் பிளந்து பாருங்கள். உள்ளே சிவந்து, சிவப்புக்குக் குறுக்கே வெள்ளைத் திட்டுகள் இருந்து, சாராய நெடி அடித்தால் அது செவ்வழுகல். தண்டுக்குள் நோய் புகுந்துவிட்டால் எந்த மருந்தும் காப்பாற்றாது. தூரோடு தோண்டி எடுத்து எரித்துவிட்டு, அந்தக் குழியில் பூஞ்சாணக்கொல்லிக் கரைசலை ஊற்ற வேண்டும். அங்கிருந்து அடுத்த வயலுக்குத் தண்ணீர் பாயக்கூடாது. அந்த வயலில் மறுதாம்பு விடக்கூடாது. அடுத்த போகம் நெல் நட்டால் நல்லது.

கரணை எங்கிருந்து வருகிறது என்பதுதான் முக்கியம். வெட்டுக்கு வந்த முற்றிய கரும்பின் நுனியையோ, மறுதாம்புக் கரும்பையோ விதைக்கு எடுப்பது பல ஊர்களில் வழக்கமாக இருக்கிறது. செலவு மிச்சம்தான். ஆனால் நோயையும் சேர்த்து நட்டுவிடுகிறோம். விதைக்கென்று தனியாக வளர்த்த 6 முதல் 8 மாதக் கரும்பிலிருந்து எடுங்கள். வெட்டும்போது கரணையின் நடுவில் சிவப்பு தெரிந்தால் அந்தக் கரும்பை முழுதாக ஒதுக்கிவிட்டு, கத்தியைச் சுத்தம் செய்துகொள்ளுங்கள். நீராவி கலந்த காற்றில் 50 டிகிரி வெப்பத்தில் 1 மணி நேரம் நேர்த்தி செய்த கரணை புல்தண்டு நோய் போன்றவற்றைக் குறைக்கும். ஆனால் செவ்வழுகல் ஆழமாகப் புகுந்த கரணையை அது குணமாக்கிவிடும் என்று நம்ப வேண்டாம்.

பூஞ்சாணக்கொல்லியைப் பொறுத்தவரை ஒன்று. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால், கோ 213-ல் நடந்த அதே தேர்வுதான் அங்கேயும் நடக்கும். அதைத் தாங்கும் குணமுள்ள கிருமிகளை நாமே பொறுக்கி எடுத்து வளர்ப்பதாக ஆகிவிடும். கோழிப்பண்ணை வைத்திருப்பவர்களுக்கு மருந்து மாற்றச் சொல்லிக் கால்நடை மருத்துவர் கூறுவதன் காரணமும் இதுவே.

வெங்கட்ராமன் ஓய்வுபெற்ற சில ஆண்டுகளில், 1940களின் இறுதியில், காட்டு நாணல் வகைகளைத் தேடிச் சேகரிக்கும் திட்டம் ஒன்று தொடங்கியது. ஆற்றங்கரை, மலையடிவாரம், பாலைநிலம், சதுப்பு என்று நாட்டின் பல மூலைகளிலிருந்தும் புல் கொண்டுவந்தார்கள். 1961-ல் கேரளத்தின் கண்ணூரில் இதற்கென ஓர் ஆராய்ச்சி மையம் அமைந்தது. உலகின் பல நாடுகளிலிருந்து வந்த கரும்பு வகைகளும் அங்கே ஆண்டுதோறும் மறுநடவு செய்து காக்கப்படுகின்றன. பெரும்பாலானவற்றில் சர்க்கரை எடுக்க முடியாது, அறுத்து விற்கவும் முடியாது. அடுத்த செவ்வழுகல் வகை வரும்போது அதற்கான பூட்டை அந்தப் புல்களில் ஒன்றிலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கும். காவிரிக் கரையில் நாணலைக் கொளுத்தும்போது அதன் நடுவில் நான்கு புதரையாவது விட்டுவையுங்கள்.